நீ மொழிபெயர்க்க வேண்டாம்

பெரியமடு
13.10.2025

அன்பு மகள் சுபத்திராவுக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகம் என்று ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ போனில் சொல்கிறாய், அதை எவ்வளவுக்கு நம்புவது என்றுதான் தெரியவில்லை. வயல் விதைத்தாயிற்று, மழை ஒரு நாள் பெய்து இரண்டு நாள் ஏமாற்றுகிறது. இந்தக் கடிதத்தைப் பரீனாவின் கணவர் ஹுசைன் கையில் கொடுத்து அனுப்புகிறேன், அவர் கடைச் சாமான் எடுக்க உன்னுடைய குவாங்சோவுக்குத்தான் வருகிறார். நல்ல மனிதர், ஆனாலும் உறையைச் சோற்றுப் பசையால் இரண்டு தரம் ஒட்டியிருக்கிறேன். பிரித்த அடையாளம் இருந்தால் எனக்குச் சொல்.

பரீனா யார் என்று யோசிப்பாய். எருக்கலம்பிட்டிப் பிள்ளை, புருஷனோடு எட்டு வருடம் சீனாவில் இருந்துவிட்டு வந்து இப்போது தாராபுரத்தில் வீட்டிலேயே சீன மொழி வகுப்பு நடத்துகிறாள். ஏழு மாதமாகச் சனிக்கிழமைகளில் நானும் பஸ் ஏறி அங்கே போகிறேன். சிரிக்காதே. சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போன நீ என்னோடு கதைக்கும்போது பின்னால் ஒரு ஆண் குரல் கேட்கும், நீ அந்தப் பக்கம் திரும்பிச் சீனத்தில் ஏதோ சொல்லிச் சிரிப்பாய், யாரென்று கேட்டால் வீட்டுச் சொந்தக்காரர் குழாய் திருத்த வந்திருக்கிறார் என்பாய். ஞாயிறு தவறாமல் பழுதாகிற குழாயை நான் எங்கும் கண்டதில்லை. சீனப் புத்தகத்தில் விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் முதலில் உன் ஆறாம் ஆண்டு ஆங்கிலப் புத்தகத்தை அலுமாரியில் தேடி எடுத்துப் படித்தேன். இரண்டு மொழியையும் இந்தத் தலையில் ஏற்றப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சீனத்தில் குரலை ஏற்றியும் இறக்கியும் சொல்லவேண்டும், கிணற்றடியில் சொல்லிப் பார்த்தால் யாரோடு சண்டை என்று அப்பா ஓடி வருவார். அவருக்குக் கிளினிக் போவதாகச் சொல்லியிருக்கிறேன். பெரிய நோய் வருத்தம் எதையோ மறைக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம், தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க விடுகிறார் இல்லை.

முந்தின ஞாயிறு அந்தக் குரல், அம்மாவுக்கு எப்போது சொல்லப் போகிறாய் என்று கேட்டது. இப்போது வேண்டாம், அம்மா சம்மதிக்க மாட்டா என்று நீ சொன்னாய். என் காதை நான் நம்பாமல், கேட்டதைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிப் பரீனாவிடம் காட்டினேன். நான் விளங்கிக்கொண்டது சரிதான் என்றாள். பிறகு, "அன்ரி, இது பாடத்தில இல்லையே, ஆருடைய கதை?" என்றாள். நாடகத்தில் கேட்டது என்றேன், அவள் நம்பவில்லை. நேற்று நீ எடுத்தபோது ஒன்றும் தெரியாதவள் போலக் கதைத்தேன்.

கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், கோபம்தான். அதைவிட, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே என்னைப் பற்றி அவனோடு கதைத்தாயே, அதுதான் நெஞ்சில் நிற்கிறது. இது கிடைத்த பிறகு வரும் ஞாயிறு அவனைப் போனுக்கு முன்னால் இருத்து. மூன்று கேள்வி சீனத்தில் பாடமாக்கியிருக்கிறேன். தாய் தகப்பன் யார், குடிப்பானா என்பது இரண்டு. நாங்கள் படுக்கையில் விழுந்தால் உன்னை இங்கே வர விடுவானா என்பது மூன்றாவது, அதைச் சொல்லிப் பழகும்போது மட்டும் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. நீ இடையில் புகுந்து மொழிபெயர்க்க வேண்டாம், உன் மொழிபெயர்ப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவன் ஆறுதலாக, மெல்ல மெல்லச் சொன்னால் எனக்கு விளங்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்குக் குளிக்காதே. பிள்ளையார் உன்னைக் காக்கட்டும். அவனுக்கும் சேர்த்துக் கும்பிடுவதா என்பதை அந்த ஞாயிற்றுக்குப் பிறகு பார்க்கலாம். அப்பாவுக்கு நீ ஒன்றும் சொல்லாதே, நான் சொல்கிறேன்.

உன் அம்மா
சிவலட்சுமி