பன்னிரண்டாம் எபிசோடின் கோழி

லாயாங் லாயாங்,
10 மார்ச் 2025

அன்பு மருமகள் லோஷினிக்கு,

நான் அப்போதே சொன்னேன். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவன் உன் தாய்மாமன் செல்லப்பன்தான். 1997-லேயே ஆ கியோங் காப்பிக் கடையில் மேசையைத் தட்டிச் சொன்னேன்: "ஒரு நாள் வரும், ஆளுக்கொரு மைக் சட்டைப் பையில இருக்கும். அன்னைக்கு கனகராஜ் எங்க போயி நிப்பான்னு பாக்கலாம்." ஆ கியோங் கல்லாவிலிருந்து எழுந்து வந்து கை கொடுத்தார். உன் அம்மா இதை மறுப்பாள். அவள் அன்று காப்பிக் கடையில் இல்லை.

உன் 'சத்தமா சொல்லு' பாட்காஸ்டில் என் பேச்சு வந்து ஐந்து நாள் ஆகிறது. பன்னிரண்டாம் எபிசோட். நாலு லட்சம் பேர் கேட்டிருப்பார்கள். நேற்று மார்க்கெட்டில் மீன்காரன் என் குரலைக் கேட்டதும் தராசை அப்படியே விட்டுவிட்டு, "அங்கிள், நீங்கதானா அது?" என்றான். நானேதான் என்றேன். ஒரு கெம்போங் மீன் கூடப் போட்டான்.

இருபத்தெட்டு வருஷம், மருமகளே. நம் எஸ்டேட் மாரியம்மன் கோயில் தீமிதியில், குழிக்கு முன்னால் நின்று, கண்ணில் புகை பட்டு நான் ஓரடி பின்னால் வைத்தேன். ஓரடிதான். கோயில் அறிவிப்பாளர் கனகராஜ் கையில் மைக். "செல்லப்பன் ரிவர்ஸ் எடுக்கிறாரு, பின்னாடி நிக்கிறவங்க வழி விடுங்க லா!" ஆறு ஒலிபெருக்கி. நான் லாரி டிரைவர் வேறு. அன்றிலிருந்து நான் ரிவர்ஸ் செல்லப்பன். உன் அத்தை செல்லம் இறந்த அன்று துக்கம் கேட்க வந்தவன்கூட "ரிவர்ஸ் வீடு எது?" என்று கேட்டுத்தான் உள்ளே வந்தான்.

இப்போது சொல்லிவிட்டேன் இல்லையா? காப்புக் கட்டிய கையோடு, கவுச்சி தொடக் கூடாத நாளில், ஸ்டேஷன் கடையில் உட்கார்ந்து அவன் கோழி தின்றதை. அதனால்தான் அன்றைக்கு எனக்கு அடுத்து நின்று குழியில் இறங்கிய வெள்ளையம்மாவின் காலை நெருப்பு தின்றது என்பதை. ஊரே யார் விரதத்தை முறித்தது என்று இருபத்தெட்டு வருஷம் தேடியது. நான் கையைப் பிடித்துக் காட்டினேன்.

ஒரே ஒரு வருத்தம். ஐம்பத்தொரு நிமிடம் பேசினேன், நீ பன்னிரண்டு நிமிடம்தான் போட்டாய். முப்பத்தொன்பது நிமிடத்தை வெட்டிவிட்டாய். என் நல்ல பேச்செல்லாம் அதில்தான் இருந்தது. அதனால்தான் இனி போனில் குரல் அனுப்ப மாட்டேன், கடிதம்தான். பேனாவில் எழுதியதை நீ வெட்டி ஒட்ட முடியாது.

நெற்றி நிறைய ஆசீர்வாதத்துடன்,
மாமா செல்லப்பன்


ஸ்கூடாய்,
18 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் கிடைத்தது. தபால்தலை வாங்கப் போனால் கவுண்டரில் இருந்த அக்கா, "இப்பவும் கடிதம் எழுதறாங்களா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். உங்கள் பேரைச் சொன்னேன். அவரும் கேட்டிருக்கிறார்!

நாலு லட்சம் இல்லை மாமா, நாற்பத்தோராயிரம். ஆனால் எங்களுக்கு அதுவே பெரிது. இதற்கு முன் அதிகபட்சம் தொள்ளாயிரம் பேர். விடியற்காலையில் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது ஹெல்மெட்டுக்குள் நம்மைத்தான் கேட்கிறார்களாம். வானொலிக்காரர்கள் என் மெயிலுக்குப் பதில்கூடப் போட்டதில்லை. இப்போது அவர்களே கூப்பிட்டுப் பேசுகிறார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் மனசு குளிர்ந்துதான் இருக்கிறது. பதினைந்து வயதில் திருவிழாவில் நான் ஒரே ஒரு அறிவிப்பு வாசிக்கிறேன் என்று கேட்டதற்கு கனகராஜ் மாமா என்ன சொன்னார் தெரியுமா? "பொம்பளப் பிள்ளைக்கு மைக் எதுக்கு? போயி கோலத்தப் பாரு." எல்லார் முன்னாலும், மைக்கிலேயே. உங்கள் எபிசோடை வெளியிடும் பொத்தானை அழுத்தும்போது அந்தக் குரல்தான் காதில் ஓடியது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். யாரைப் பற்றியும் தப்பாகச் சொல்வதென்றால் இரண்டு வாய் சொல்ல வேண்டும் என்பது என் விதி. உங்களுக்காக முதல் முறையாக மீறினேன். நீங்கள் பார்த்ததை வேறு யாரும் பார்த்தார்களா? கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். நானும்தான்.

அன்புடன்,
லோஷினி


லாயாங் லாயாங்,
26 மார்ச் 2025

என் ஆசை மருமகளுக்கு,

உன் விதி நல்ல விதி. அந்த விதியைப் பற்றி நானே உனக்கு முன்பு சொல்லியிருக்கிறேன், நீ சின்னப் பிள்ளை, மறந்திருப்பாய். நீ பேசிப் பதிவு செய்யும் அறைச் சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் எதிரொலி வராது என்று சொன்னதும் நான்தான்.

சாட்சி கேட்கிறாயா? ஸ்டேஷன் கடை வைத்திருந்த மலாய்க்கார அம்மா, மக்சிக், பார்த்தார். பாவம், 2009-ல் தவறிவிட்டார். அவர் மருமகன் பார்த்தான், அவன் சபாவில். கோலாலம்பூர் ரயில் கார்டு பச்சைக் கொடியை ஆட்ட மறந்து பார்த்தார். ரயிலே ஏழு நிமிடம் தாமதம். கனகராஜ் காப்பு நூலில் சம்பல் ஒட்டி, மஞ்சள் சிவப்பாகிப் போனது. அவன் அதை வேட்டியில் துடைத்தான். இவ்வளவையும் பார்க்காதவன் சொல்ல முடியுமா?

இங்கே நடப்பதைக் கேள். நேற்று முன்தினம் வெள்ளையம்மா தன் பேத்தியின் போனில் உன் எபிசோடை மூன்று தடவை கேட்டாராம். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நேராக கனகராஜ் வீட்டுக்குப் போய், கேட்டைப் பிடித்துக்கொண்டு, "என் காலைத் தின்னவனே, வெளிய வாடா!" என்று கத்தினார். எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் வாசலில். கனகராஜ் வெளியே வந்தான். "உள்ள வந்து உக்காரு அக்கா" என்றானாம். அந்தம்மா ஒரு பிடி மண்ணை வாரி அவன் சட்டையில் போட்டுவிட்டு வந்தார். நான் இரண்டு வீடு தள்ளி, தற்செயலாக, நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு எவ்வளவு திருப்தி தெரியுமா? இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

மீதி முப்பத்தொன்பது நிமிடத்தையும் போடு. முழுசாகக் கேட்டால் ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது.

வெற்றி முகத்துடன்,
மாமா


ஸ்கூடாய்,
20 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமா,

அம்மா சொன்னார். கோயில் கமிட்டி கூடி கனகராஜ் மாமாவிடமிருந்து மைக்கை எடுத்துவிட்டதாம். முப்பத்து நாலு வருஷம் பிடித்த மைக். இந்த வருஷத் திருவிழாவில் நீங்கள்தான் அறிவிப்பாளராமே. வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை.

அவருடைய மகள் தேன்மொழி பெர்மாஸ் ஜெயாவில் டியூஷன் நடத்துகிறாள். பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கோழி மாதிரிக் கூவுகிறார்களாம். நாம் போட்ட பன்னிரண்டு நிமிடத்திலிருந்து யாரோ ஒன்பது வினாடியை வெட்டி, பின்னால் கோழிச் சத்தம் சேர்த்து, ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். அதை ஏழு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள், மாமா. இந்த எண்ணிக்கையை நீங்கள் பெருக்க வேண்டியதில்லை.

அவர் என்னிடம் மைக் தரவில்லை, சரி. அதற்கு தேன்மொழி என்ன செய்தாள்?

சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் சபாவில், ஒருவர் ரயிலோடு போய்விட்டார். உயிரோடு, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற ஒருத்தர் பேரைச் சொல்லுங்கள். போதும்.

லோஷினி


லாயாங் லாயாங்,
12 மே 2025

மருமகளுக்கு,

திருவிழா சிறப்பாக நடந்தது. இருபதாயிரம் பேர். சரி, ஆயிரத்து ஐந்நூறு. மைக் என் கையில். புது மைக், கம்பி இல்லாதது. பால்குடம், அன்னதானம், காணாமல் போன கார் சாவி, எல்லாவற்றையும் நான் அறிவித்த விதத்தைக் கேட்டு குளுவாங்கிலிருந்து வந்த ஒரு பெரியவர் கண் கலங்கினார்.

கனகராஜும் வந்திருந்தான். செருப்பு விடும் இடத்தில் நின்றான். நான் அவனைப் பார்த்தபடியே மைக்கில், "செருப்புகளை ஒழுங்கா வைக்கவும்" என்று நான்கு முறை சொன்னேன். ஊர் சிரித்தது. இருபத்தெட்டு வருஷம் இதற்காகத்தான் காத்திருந்தேன்.

பிறகு தீமிதி. பதினோராவதாக ஒரு ஆள் குழி ஓரத்துக்கு வந்தார், நின்றார், பின்னால் ஓரடி வைத்தார். ஊர் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மைக் என்னிடம்தானே? ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். அந்த ஆள் முகம் எனக்கு மட்டும் நேராகத் தெரிந்தது. அந்த முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஏன் நின்றார் என்று யாரும் கேட்கத் தொடங்குவதற்குள் எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டால் அவர் பிழைத்துக்கொள்வார் என்றும் தெரியும்.

எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு! பூசாரிதான் வந்து அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். மைக்கில் ஏதோ கோளாறு என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன்.

சாட்சி விஷயம் அடுத்த கடிதத்தில். கை வலிக்கிறது.

மாமா


ஸ்கூடாய்,
15 மே 2025

மாமா,

நேற்று கனகராஜ் மாமா இங்கே வந்தார். பஸ்ஸில். மாடிப்படி ஏற முடியாமல் இரண்டு இடத்தில் நின்று ஏறினார். மைக்கைப் போட்டுத் தருகிறேன், உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள் என்றேன். முட்டை அட்டைகளைச் சுற்றிப் பார்த்தார். "மைக்கு நல்ல மைக்கா இருக்கும்மா" என்றார். பிறகு, "அன்னைக்கு கையில மைக் இருந்தும் சொல்லல. இன்னைக்கு இங்க வந்து சொல்லவா? செல்லப்பனையே கேளும்மா" என்றார். போகும்போது, பதினைந்து வயதில் என்னிடம் அப்படிப் பேசியது தப்பு என்றும் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

அவர் போன பிறகு, நீங்கள் சொன்னபடியே செய்தேன். நான் வெட்டிய முப்பத்தொன்பது நிமிடத்தையும் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். இருபத்தேழாம் நிமிடத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள்: "மக்சிக் கைக்கு ஈடு கிடையாது, ஆனா அன்னைக்குக் கோழியில உப்பு கொஞ்சம் தூக்கல்."

பார்த்தவருக்கு உப்பு எப்படித் தெரிந்தது, மாமா?

வேண்டாத பேச்சு என்று நினைத்துத்தான் அதை வெட்டினேன். வெட்டாமல் இருந்திருந்தால் அன்றே யாராவது கேட்டிருப்பார்கள்.

பன்னிரண்டாம் எபிசோடை எடுத்துவிட்டேன். ஒன்பது வினாடியை என்னால் எடுக்க முடியாது. அது என் கையில் இல்லை. பதின்மூன்றாம் எபிசோடில் நான் பேசி மன்னிப்புக் கேட்கப் போகிறேன். நீங்கள் அதில் இருப்பீர்களா இல்லையா என்பதை எழுதுங்கள். எழுதாவிட்டால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

லோஷினி


லாயாங் லாயாங்,
19 மே 2025

அன்பு மருமகள் லோஷினிக்கு,

நீ முழுசாகக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாய் என்று எனக்கு முன்பே தெரியும். சரி, தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மைக்கைப் போட்டு வை. இந்தக் கடிதத்தை நானே என் குரலில் வாசிக்கிறேன். ஐம்பத்தொரு நிமிடம் ஆகாது, ஐந்து நிமிடம் போதும். ஒரு எழுத்தையும் வெட்டாதே. வருவதற்கு முன் சனிக்கிழமை வெள்ளையம்மா வீட்டுக்குப் போகிறேன். ஞாயிறு நான் வரவில்லை என்றால் அந்த ஊன்றுகோல் இன்னும் உறுதியாக இருக்கிறது என்று அர்த்தம்.

கனகராஜை இன்று பார்க்கப் போனேன். என் கையாலேயே அவன் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. "அடுத்த வருஷம் லோஷினி கிட்ட குடு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான். சத்தமாகச் சாத்தவில்லை. சத்தமாகச் சாத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவன் மேல் எனக்கு ஏன் அவ்வளவு வெறி என்று நீ கேட்பாய். ரிவர்ஸ் என்று பேர் வைத்ததற்கு இல்லை. அன்று ஏன் பின்னால் போனேன் என்று ஊர் என்னைக் கேட்காமல் இருக்கத்தான் அவன் அந்தப் பேரை வைத்தான். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அன்றைக்கே அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள், வலி ஒரு மாதத்தில் போயிருக்கும். அவன் காப்பாற்றிவிட்டான். இருபத்தெட்டு வருஷமாக அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெருப்பில் நின்றேன்.

எட்டு நாள் விரதம். லாரியில் செம்பனைப் பழம் ஏற்றி இறக்கிவிட்டு வந்த பசி. ஒலிபெருக்கிக்குப் பெட்டி வாங்க ரயிலில் போய்த் திரும்பிய கனகராஜ் ஸ்டேஷனில் இறங்கி வந்தான். அரை நிமிடம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

எபிசோடில் நான் சொன்னது பெரும்பாலும் உண்மை, மருமகளே. ஸ்டேஷன் உண்மை, மக்சிக் உண்மை, காப்பு நூலில் ஒட்டிய சம்பல் உண்மை, உப்புத் தூக்கலும் உண்மை. நாற்காலியில் உட்கார்ந்து தின்றவன் பேர் மட்டும் நான் கட்டியது.