இருநூறு மில்லி

போகா மங்ளே, எக்வடோர்
வியாழக்கிழமை

கடலுக்கு அந்தப் பக்கம் முர்சியாவில் பிழைக்கும் என் மகள் மரிட்சாவுக்கு உன் தாய் இசிதோரா எழுதுவது. நீயும் மருமகனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். நலமா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே சொல்.

போனில் பேசு என்கிறாய். போனில் சொன்னதை நாளைக்குச் சொல்லவில்லை என்று சாதிக்கலாம். எழுதியது நிற்கும். பக்கத்து வீட்டுக்காரி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். படிக்காமல் படம் மட்டும் பிடி என்று சொல்லியிருக்கிறேன். அவள் படிக்காமல் இருப்பாள் என்று நான் நம்பவில்லை.

நீ வற்புறுத்தியபடி திங்கட்கிழமை அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இருமினால், சிரித்தால் பாவாடை நனையாமல் இருக்க, சிறுநீர் வரும் வழிக்குக் கீழே ஒரு நாடாவைத் தொட்டில் போல வைத்திருக்கிறார்கள். டாக்டர் செவாஜோஸ் மீது எனக்குப் புகார் இல்லை, இதுவரை. புகார் எல்லாம் நர்ஸ் யோலாண்டா மீது.

நாடா இறுகிவிட்டால் நீர் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடுமாம். அதனால் சோதிக்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. மறுநாள் காலையில் குழாய் வழியாக முன்னூறு மில்லி உப்புநீரை உள்ளே விடுகிறார்கள். பிறகு குழாயை உருவிவிட்டு, கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். இருநூறு வந்தால் வீட்டுக்குப் போகலாம். குறைந்தால் மறுபடி குழாய், தொடையில் கட்டிய பை, ஐந்து நாள். வயிற்றின் மேல் வைத்து உள்ளே இருக்கும் மிச்சத்தைக் காட்டும் கருவி ஒன்று உண்டு. அது பழுதாகி மூலையில் கிடக்கிறது. ஆகவே அந்தக் குவளையும் அதைப் படிக்கிற கண்ணும்தான் தீர்ப்பு.

அந்தக் கண்ணைத்தான் நான் நம்பவில்லை. முப்பத்தொரு வருடம் கொக்கோ கிடங்கில் எடை போட்டவள் நான். மூட்டைகளில் அச்சடித்த எழுத்தைப் பார்த்தே படிக்கக் கற்றவள். அளவு பார்க்கிறவள் குவளையைச் சமமான இடத்தில் வைத்து, குனிந்து, கண்ணுக்கு நேராகப் பார்க்க வேண்டும். இவளோ கையில் தூக்கிச் சாய்த்துப் பிடித்து, நடந்துகொண்டே படிக்கிறாள். பென்சிலால் எழுதுகிறாள். பென்சிலால் எழுதுகிற எவளையும் நான் தராசுப் பக்கம் விட்டதில்லை. அதோடு, எதிரே இருக்கிற மருந்துக்கடை அவளுடைய நாத்தனாருடையது. தொடையில் கட்டுகிற பை அங்கேதான் கிடைக்கும். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா?

"ஜன்னல் திட்டுல வச்சுப் பாரு, மகளே" என்றேன். "பெரியம்மா, இது கொக்கோ இல்ல, மூத்திரம். காஞ்சு எடை குறையாது" என்றாள். வார்டே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்குச் சிரித்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அவர்களுக்கு அது வேண்டியதுதான்.

என் பெயருக்கு நேரே நூற்றெழுபது என்று எழுதினாள். நான் இருநூற்றுத் தொண்ணூறு விட்டேன். என் கண்ணால் பார்த்தேன். இப்போது தொடையில் பையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அடுத்த கட்டிலில் நார்சிசா என்று ஒரு பெண் இருந்தாள். சதுப்புச் சேற்றில் இறங்கிக் கருஞ்சிப்பி பொறுக்குகிறவள், ஐந்து பிள்ளைக்காரி. அவளுக்குச் சரியாக இருநூறு. நண்பகல் படகில் ஊருக்குப் போய்விட்டாள். பையைக் கட்டிக்கொண்டு சேற்றில் எப்படி இறங்குவாள்? போனதே நல்லது. போய்ச் சேர்ந்ததும் படகுக்காரனிடம் சொல்லி அனுப்பு என்றேன். இன்னும் சேதி இல்லை. அந்தப் படகுக்காரனும் நம்பத் தகுந்தவன் அல்ல.

ஆஸ்பத்திரித் தலைவருக்கு நீ புகார் எழுது. வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் இங்கே காகிதத்தைப் பிரிப்பார்கள். கன்னி மரியாள் உன்னைக் காக்கட்டும்.

உன் தாய்,
இசிதோரா

போகா மங்ளே
அடுத்த புதன்கிழமை

மகள் மரிட்சாவுக்கு.

நீ புகார் எழுதியது எனக்குத் தெரிந்துவிட்டது. தலைவர் யோலாண்டாவைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கிறார். வருகிற திங்களுக்குள் பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அவளை வார்டிலிருந்து எடுத்துவிடுவார்களாம். நீ சுறுசுறுப்பானவள். சில சமயம் அது தொல்லை.

ஞாயிற்றுக்கிழமை பையை எடுக்கப் போனேன். யோலாண்டாதான் இருந்தாள். என்மேல் பாய்வாள் என்று ஆயத்தமாகப் போனேன். அவளோ மறுபடி முன்னூறு விட்டாள், குழாயை எடுத்தாள், குவளையைக் கொடுத்தாள். நான் திரும்பியதும் அதை ஜன்னல் திட்டில் வைத்தாள். தரையில் மண்டியிட்டு, கண்ணுக்கு நேராகப் பார்த்தாள். "இருநூத்தி எண்பது. நீங்களும் பாருங்க" என்றாள். பார்த்தேன். இருநூற்று எண்பதுதான். பிறகு கையில் தூக்கி, தன் பழைய வழக்கப்படி சாய்த்துப் படித்தாள். இருநூற்று எழுபத்தைந்து. என் முப்பத்தொரு வருட வாதத்துக்குக் கிடைத்தது ஐந்து மில்லி.

அப்படியே தரையில் உட்கார்ந்து கேட்டாள். "பெரியம்மா, அன்னைக்கு நான் படிச்சது சரி. உங்க வயிறும் சரி. அப்ப மீதி நூத்தி இருபது எங்க போச்சு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"நாலாம் கட்டில் பொண்ணு, அந்த நார்சிசா, முதல்ல எண்பதுதான் காட்டுனா. தொட்டிக் குழாயத் தொறந்து விட்டு, தண்ணி சத்தம் கேட்டுக்கிட்டு இன்னும் பத்து நிமிஷம் உக்காருன்னேன். திரும்பி வந்தா இருநூறு. அங்க நூத்தி இருபது ஏறிச்சு, இங்க நூத்தி இருபது எறங்கிச்சு. அப்ப எனக்குப் புரியல. உங்க மக புகாருக்குப் பதில் எழுத உக்காந்தப்பதான் ரெண்டு கணக்கையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். நானும் பள்ளிக்கூடம் போனவதான்."

மரிட்சா, அவளிடம் நான் ஆமாம் என்று சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். கழிப்பறையில் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு திரைதான். நார்சிசா அழுதுகொண்டிருந்தாள். சனிக்கிழமைக்குள் சேற்றில் இறங்காவிட்டால் அவள் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்களாம். யோலாண்டா எல்லாருக்கும் குறைத்துத்தான் படிக்கிறாள், இவளுக்கும் குறைத்திருப்பாள் என்று நான் உறுதியாக நம்பினேன். திரைக்கு அடியில் கையை நீட்டி அவள் குவளையை வாங்கினேன். "வேணாம்மா, கேட்டா என்ன பண்றது?" என்றாள். "எடை போட்டவ நான். வாய மூடு" என்றேன். என் குவளையிலிருந்து இருநூறு கோடு வரை ஊற்றினேன். ஒரு சொட்டு கூடவில்லை, ஒரு சொட்டு குறையவில்லை. எனக்கு இன்னொரு தடவை உட்கார நேரம் கொடுப்பாள் என்று நினைத்தேன். அந்தப் பத்து நிமிடத்தை அவள் எனக்குக் கொடுக்கவில்லை. பெருமை பேசுகிற வாய்க்குப் பத்து நிமிடம் எதற்கு என்று நினைத்திருப்பாள்.

யோலாண்டா தரையில் உட்கார்ந்தபடி மேலும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவ ஊருக்குப் போய் அஞ்சு நாளாச்சு. மூத்திரம் போகுதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

எனக்குத் தெரியாது என்றேன். அதுதான் உண்மை. அவள் எழுந்து படகுத்துறைக்குப் போனாள். நானும் போனேன். வயிறு வலித்தது. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அலை கிளப்பாமல் மெதுவாக ஓட்டு என்று படகுக்காரனிடம் மட்டும் சொன்னாள். அது எனக்காகத்தான் என்று தெரியும். நன்றி சொல்லவில்லை.

நார்சிசா வலைத்தொட்டிலில் கிடந்தாள். காய்ச்சல். வயிறு மத்தளத் தோல் போல் இறுகியிருந்தது. சொட்டுச் சொட்டாகப் போகிறது, நாடா வைத்தால் இப்படித்தான் போலிருக்கிறது என்று பேசாமல் இருந்தாளாம். சனிக்கிழமை சேற்றில் இறங்கியும் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் யோலாண்டாவின் காதுக்குக் கேட்காமல், "நான் சொல்லலம்மா, யாருகிட்டயும் சொல்லல" என்றாள். காய்ச்சலிலும் என்னைக் காப்பாற்றுகிறாள்.

அன்று மாலையே அழைத்து வந்தோம். குழாய் வைத்ததும் ஆயிரத்து நூறு மில்லி வந்தது. இந்தத் தடவை குவளை ஜன்னல் திட்டில் இருந்தது. நானே குனிந்து பார்த்தேன். டாக்டர் செவாஜோஸ் நாடாவைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார். சிறுநீர்ப்பை அதிகமாக விரிந்துவிட்டதாம், ரப்பர் பட்டை இழுபட்டது போல. பழைய நிலைக்குத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார். இரண்டும் சொல்கிற வாயை நான் நம்புவதில்லை. ஆனால் வேறு வாய் இங்கே இல்லை. அடுத்த செவ்வாய் மறுபடி முன்னூறு விட்டுப் பார்ப்பார்கள்.

இப்போது நீ செய்ய வேண்டியது. தலைவருக்கு இன்றே எழுது. நூற்றெழுபது சரியான எண், நர்ஸ் சரியாகப் படித்தாள், குறைந்த நூற்று இருபதை என் தாய் இசிதோரா தன் கையால் வேறு குவளையில் ஊற்றினாள் என்று எழுது. என் பெயரை முழுதாகப் போடு. நானும் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன், பேனாவால். திங்களுக்கு முன் உன் காகிதமும் வர வேண்டும். மருந்துக்கடை நாத்தனார் விஷயத்தை மட்டும் நான் இன்னும் விடவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

யோலாண்டாவிடம் மன்னிப்புக் கேட்டாயா என்று நீ கேட்பாய். குவளையைச் சாய்த்துப் பிடிப்பது தவறு. அதில் மாற்றமில்லை. தினமும் காலையில் வார்டுக்குப் போகிறேன். பச்சை வாழைக்காய் உருண்டை இரண்டு கொண்டு போகிறேன். ஒன்று நார்சிசாவுக்கு, ஒன்றை மேசை மேல் வைத்துவிட்டு வருகிறேன். யார் எடுத்துத் தின்கிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ கோயிலுக்குப் போவாய் அல்லவா? எனக்காக ஒன்றும் கேட்காதே. செவ்வாய்க்கிழமை காலைக்கு இருநூறு கேள். ஏழைக்குக் கொடுக்கும்போது மேலே இருக்கிறவர்களும் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்கிறார்கள். அதனால் எண்ணைத் தெளிவாகச் சொல். நார்சிசாவின் பெயரைச் சொல். இருநூறு, அவளுடையதாகவே.

உன் தாய்,
இசிதோரா