ஐஸ் வராத நாளில் ஆறிய கிறீம்

பள்ளித் தோழியாயிருந்து அண்ணனைக் கட்டி மச்சாளாக வந்த என் கமலிக்கு,

உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் விளங்கும். கைக்குப் பூச நாம் செய்த கிறீம் பிரியவில்லை, கமலி. கச்சான் காற்று வெக்கையோடு வீசத் தொடங்கியும் பிரியவில்லை!

வெக்கையில் மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாய்ப் போன போத்தல்களைக் கொக்கட்டிச்சோலைக் கடைக்காரர் திருப்பி அனுப்பியது நினைவிருக்கிறதா? "தனித்தனியா ஊத்தி வித்தா ரெண்டு சாமான் கா" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்தாயே தவிர, விட்டுவிடவில்லை. வலைக்கயிறும் வாவித் தண்ணீரும் வெடிக்க வைத்த அண்ணனின் உள்ளங்கைக்காகத்தானே தொடங்கினாய். அவர் எனக்குத்தான் அண்ணன், ஆனால் அந்தக் கைகளைப் பார்த்துக் கலங்கியவள் நீ.

எண்ணெயையும் மெழுகையும் தண்ணீரையும் சூட்டோடு நான் கலப்பேன். கலந்த கையோடு நீ பானையைத் தூக்கி மீன்பெட்டி ஐஸுக்குள் புதைப்பாய். மீன் கெடாமலிருக்க ஐஸ் என்றால், கிறீமுக்கும் ஐஸ். வாவிக்கரையில் குடியிருப்பவர்களுக்கு வேறென்ன தோன்றும்? எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அன்றைக்கும் கலந்து முடிந்தது. பெட்டியில் ஐஸ் இல்லை. "வாடிக்குப் போய் ஐஸ் எடுத்திட்டு வாறன் கா, நீ கிண்டிக்கொண்டிரு" என்று சொல்லிவிட்டுப் போனாய். மீன்வாடியிலிருந்து உன்னைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சுவலி என்றார்கள். அதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாதென்று யாரோ கொள்ளிகளை இழுத்து அணைத்தார்கள். நான் மூடிவிட்டு ஓடிய பானை சாம்பல் சூட்டிலேயே கிடந்து தன்பாட்டில் ஆறியிருக்கிறது. எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்துதான் அதன் நினைவே வந்தது. "செத்த வீட்டில கிடந்த சாமான். கொண்டு போய் ஊத்து புள்ள" என்றார் அண்ணன். ஊற்றத்தான் எடுத்துப் போனேன். அகப்பையைச் சரித்தால் விழவில்லை, வெண்ணெய் போல ஒட்டி நின்றது. போத்தல்களில் அடைத்துத் தகரக் கூரைக்குக் கீழே வைத்துவிட்டு, வெக்கையில் பிரிகிறதா என்று காத்திருந்தேன்.

நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் பாறைச் சீவல் பார்க்கிற நுணுக்குக்காட்டி ஒன்று உண்டு. ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் இரண்டு தகடுகளை அதில் குறுக்குமறுக்காக வைத்தால் பார்வை முழுக்க இருண்டுவிடும். எண்ணெயும் தண்ணீரும் அந்த இருட்டில் தெரியாது. முதலில் ஐஸில் இறுகிய பழைய கிறீமை வைத்துப் பார்த்தேன். இருட்டில் அங்கங்கே சின்ன மினுக்கம், அவ்வளவுதான். பிறகு உன் கடைசிப் பானையிலிருந்து ஒரு பொட்டு.

ஐயோ கமலி! இருட்டு முழுக்கப் பூ. ஒவ்வொரு எண்ணெய்த் துளியைச் சுற்றியும் நாலு இதழாக வெளிச்சம். கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் குனிந்து பார்த்தேன்.

திரவப் பளிங்கு என்று இதற்குப் பெயர். திரவம் மாதிரி வழுக்கும், பளிங்கு மாதிரி வரிசை தவறாமல் நிற்கும். நாம் போட்ட மெழுகுதான் மெல்லிய அடுக்குகளாய்த் துளியைச் சுற்றிக்கொண்டு, இடையிடையே தண்ணீரைப் பிடித்து வைக்கும். கிறீம் பிரியாததும் அதனால்தான், தோலில் ஈரம் தங்குவதும் அதனால்தான். அந்த அடுக்குகள் அமைய ஆறுதலாக, மெல்ல மெல்லக் குளிர வேண்டுமாம். நாம்தான் ஐஸில் போட்டு விரட்டியிருக்கிறோம். கண்ணுக்கே தெரியாத துளிக்கு இத்தனை அழகு எதற்கு? யார் பார்க்க என்று அது அப்படிப் பூத்துக்கொண்டிருந்தது?

நேற்று அண்ணனின் கையை இழுத்து வைத்துப் பூசிவிட்டேன். "எரியல்ல புள்ள" என்றார். கையைப் புரட்டிப் பார்த்தபடியே பிறகு கேட்டார்:

"மறுகா, அவ ஐஸோட வந்திருந்தா?"

"இதுவும் பிரிஞ்சிருக்கும் அண்ணன்."

"பிரிஞ்சாப் பிரியட்டும். வந்திருக்கலாம்" என்று கையை மூடிக்கொண்டார்.

எனக்கும் அதேதான், கமலி. அந்தப் பூக்களைப் பார்த்து வியந்த அதே கண்ணால்தான் அழுதும் தீர்த்தேன்.

இனி ஐஸுக்கு யாரையும் அனுப்ப மாட்டேன். எந்தப் பானையையும் அவசரப்படுத்த மாட்டேன். அண்ணனின் கைக்குக் கிறீம் இல்லையென்று ஆகவும் விடமாட்டேன். நீ சொல்லிவிட்டுப் போனபடியே, அது ஆறும்வரை பக்கத்தில் இருந்து கிண்டிக்கொண்டிருப்பேன்.

நீ வருவாயென்று இன்னும் வாசல் படலையைப் பார்க்கும்
உன் மச்சாள்,
சுகி