டாக்டர் சொன்னதில் பாதி

அக்கா,

என் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. இன்று பஸ்ஸில் வரும்போது அந்த ஸ்பிரிட் வாசனை ஏற, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

உங்கள் மறதியை முதலில் கண்டது நான்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பால் வெட்டும் இறப்பர் மரத்தை, முதல் நாள் வெட்டியதை மறந்து மறுநாளும் வெட்டப் போனீர்கள்.

"மரத்துக்கு ஒரு நாள் லீவு குடுங்கக்கா. அதுவும் சங்கத்துல சேந்திருக்கு!"

"ஒன் வாய்க்கும் பால் புடிக்கிற சிரட்டை ஒண்ணு கட்டணும்டீ. அம்புட்டு வழியுது."

எல்லாரும் சிரித்தார்கள். அப்படியே பல மாதம் போனது.

பிறகு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் உங்களுக்கு இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சிங்களத்தில் சொன்னார், நான் உங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். இரத்தத்தில் அழற்சியின் அடையாளம் கூடியிருக்கிறதாம். இரும்பு துருப்பிடிப்பது மாதிரி உடம்புக்குள்ளும் ஒன்று நடக்கிறதாம். ஆனால் இதை மட்டும் வைத்து மறதிக்கு இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, யாருக்கும் தொற்றவும் தொற்றாது என்றார்.

நான் என்ன சொன்னேன்? "அக்கா, ஒங்க ரத்தம் துருப் புடிச்சிருச்சாம்!" அவ்வளவுதான். மிச்சத்தைச் சொன்னால் பகிடி கெட்டுப்போகும்.

"என் கத்தியில துரு இல்லையேடீ," என்றீர்கள், மெதுவாக.

மறுநாள் தேத்தண்ணி நேரம். எத்தனையோ வருடமாகப் பிளாஸ்க் மூடி ஒன்றில்தான் இருவரும் குடிப்போம். நீங்கள் பையிலிருந்து தனி டம்ளரை எடுத்தீர்கள். "என் ரத்தம் ஒனக்கு வேணாம் புள்ள." அதற்கும் சிரித்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

சொன்னபோது காலம் கடந்துவிட்டது. தொற்றாது என்று எத்தனை தடவை சொன்னாலும் உங்கள் தலையில் நிற்கவில்லை. என் பெயரும் போனது. அந்த டம்ளர் மட்டும் போகவில்லை. கடைசி வரை அதைக் கையை விட்டுக் கீழே வைக்கவே இல்லை.

போன மாதம் நானும் வெட்டிய மரத்தை மறுநாள் வெட்டினேன் அக்கா. இன்று டாக்டர் உங்களுக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லி, மறுபடி இரத்தம் எடுத்தார். நான் திரும்பி வரும்போது, பக்கத்து மர நிரையில் வெட்டும் செல்வி என் வீட்டு வாசலில் பிளாஸ்க்கோடு நின்றாள். "என்னா சொன்னாருக்கா?"

வாயில் ஒரு பகிடி வந்து நின்றது. விழுங்கிவிட்டு முழுவதையும் சொன்னேன்.

அவள் பிளாஸ்க் மூடியில் ஊற்றி, பாதி குடித்துவிட்டு நீட்டினாள். கையில் வாங்கினேன். குடிக்கத்தான் வெகு நேரமாயிற்று.