பெர்த்தாவுக்கு ஒரு முட்டைப் பெட்டி

நவம்பர் 4, செவ்வாய். ஓபாவா, செக் நாடு

பல்லி பெர்த்தாவின் வயிற்றில் இரண்டு முட்டைகள். கால்நடை மருத்துவர் ஈவெட்டா இன்று காலை உறுதி செய்தார். கண்ணாடி டப்பாவில் விட்டு அடியிலிருந்து விளக்கடித்துக் காட்டினார். தோலுக்குள் வெளிறிய இரண்டு உருண்டைகள் எனக்கே தெரிந்தன. ஆண் துணை இல்லாததால் பொரிக்காது. ஆனாலும் வெளியே வந்தாக வேண்டும். தோண்டுவதற்கு ஈரமான, இருட்டான இடம் கிடைக்காவிட்டால் இந்தப் பல்லிகள் முட்டையை அடக்கி வைத்துக்கொள்ளும், அதனாலேயே செத்தும் போகும் என்றார். மிஞ்சினால் இரண்டு வாரம் தாங்குவாளாம்.

பெர்த்தா என் மகன் மத்தோஷ் வளர்த்தவள். அவன் ஏப்ரல் முதல் சிறையில். புதனும் ஞாயிறும் அங்கிருந்து போனில் பேசுவான். அவளைப் பற்றித் தவிர எதுவும் கேட்பதில்லை.

மாலையில் பெட்டி செய்தேன். ஐஸ்கிரீம் டப்பா, மூடியில் அவள் நுழைய ஓட்டை. உள்ளே பரப்பப் பாசி வீட்டிலேயே இருந்தது. கல்லறைத் திருநாளுக்கு மலர்வளையம் கட்டக் கடையில் வாங்கியதில் மிச்சம்.

நவம்பர் 5

மத்தோஷ் பேசினான். குரலில் உயிர் இருந்தது, பல மாதங்களுக்குப் பிறகு. ஓட்டையின் விளிம்பைத் தேய்த்துவிடச் சொன்னான், வயிறு கிழிந்துவிடுமாம். "பாசியைப் பிழிஞ்சா ஒரு சொட்டு விழணும்மா, அதுக்கு மேல வேணாம். அப்புறம், சும்மா சும்மா மூடியத் தொறந்து பாக்காத. உனக்குத்தான் எதையும் நேர்ல பாத்தாத்தான் நம்பிக்கை."

என்ன பாசி என்று அவன் கேட்கவில்லை.

நவம்பர் 8

பெட்டிக்குள் தலையை விட்டாள், திரும்பிவிட்டாள். வெறும் கண்ணாடி மூலையைச் சுரண்டுகிறாள்.

நவம்பர் 9

மத்தோஷிடம் "இன்னும் இல்லை" என்றேன். "இன்னுமா?" என்றான்.

இந்த ஆண்டு வளையம் இரண்டு கட்டினேன். ஒன்று என் கணவர் யிந்த்ராவுக்கு. மற்றதை, ஆட்கள் வருமுன், ஹெட்விகா ஷிம்கோவாவின் கல்லறையில் வைத்துவிட்டு வந்தேன். குடித்துவிட்டு மத்தோஷ் ஓட்டிய கார் மோதிச் செத்தவர். நான் முப்பது ஆண்டு நீதிமன்றச் செய்தி எழுதியவள். அந்த வழக்கை மட்டும் வேறொருவர் எழுதினார். அவர் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. அந்தப் பெயரை நானும் மத்தோஷும் ஒருமுறைகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

நவம்பர் 10

புழுவைத் தொடவில்லை.

நவம்பர் 11

மார்ட்டின் திருநாள். மாடிப்படி முழுக்க வாத்து வறுக்கும் வாசனை. பெர்த்தாவைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடினேன். ஈவெட்டா பாசியைக் கிள்ளி எடுத்துப் பிழிந்தார். விரலெல்லாம் பச்சை.

"இது வளையம் கட்டுற பாசியில்ல? வாடாம இருக்க மருந்து ஏத்தி, சாயம் முக்கினது. கல்லறைக்குள்ள போய் முட்டை வைன்னா எவ வைப்பா?"

சொன்னபிறகுதான் நான் யாருடைய அம்மா என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது போல. கை கழுவப் போய் வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து, தேங்காய் நார்த்தூள் கொடுத்தார். பணம் வேண்டாம் என்றார். பெர்த்தாவின் வாலைப் பார்த்தேன். விரல் தடிமன் இருந்தது, பென்சிலாகிவிட்டது.

ஏன் கேக்கல நான்? எல்லாரையும் கேட்டே பொழச்சவ, கடைக்காரன்கிட்ட இது என்ன பாசின்னு ஒரு வார்த்தை கேக்கலையே.

நவம்பர் 12

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. வளையத்துப் பாசி என்றேன் மத்தோஷிடம்.

"அப்பாவுக்கு ஒண்ணுதானே கட்டுவ? அதுல இவ்வளவு மிஞ்சாதே."

"ரெண்டு கட்டினேன்."

அவனுக்குப் பின்னால் யாரோ கதவை அடித்துச் சாத்தினார்கள்.

"அவங்களுக்கா?"

"ஆமா."

"யாராவது பாத்தாங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இணைப்பு போயிருந்தது. நேரம் முடிந்ததா, அவனே வைத்தானா, தெரியவில்லை.

நவம்பர் 14

நார்த்தூளில் பள்ளம். ஓரத்தில் ஒரு முட்டை, சப்பையாக, மஞ்சளாக. இன்னொன்று வயிற்றுக்குள்ளேயே. பெர்த்தா வெளியே வந்த முட்டையின் மேல் படுத்திருக்கிறாள், கண்ணிமை மூடி. அவளை நகர்த்தி அதை எடுக்க மனம் வரவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டாவது வரவில்லை. ஈவெட்டாவிடம் பேசினேன். செவ்வாய் பத்து மணிக்கு வயிற்றைத் திறக்கிறார். பிழைப்பாளா என்று சொல்ல மறுத்துவிட்டார்.

மத்தோஷ் பேசினான். முட்டையைப் பற்றிச் சொல்லத் தயாராக இருந்தேன். அவன் பெர்த்தாவைக் கேட்கவில்லை.

"அம்மா, ஷிம்கோவா எந்த வரிசை?"

கிழக்குச் சுவர் ஓரம், மூன்றாவது வரிசை என்றேன். அங்கே வேறு யார் வளையம் வைத்திருந்தார்கள் என்று கேட்டான். அவருடைய அம்மாவாக இருக்கும், உறுதியாகத் தெரியாது என்றேன். பார்த்துச் சொல்கிறாயா என்றான்.

செவ்வாய் அறுவை முடிந்ததும் கல்லறைக்குப் போகிறேன். புதன் அவன் பேசுவான். அவனுக்குச் சொல்ல இரண்டு பதில் வேண்டும்.