நம்ம பிள்ளையின் துடிப்பு

7 ஜனவரி 1986, செவ்வாய்

மூடுபனி. பஸ் தாமதம். மந்திர் மார்க் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரார்த்தனை முடிந்திருந்தது. கணக்கு டெஸ்ட் பரவாயில்லை. பூகோளம் படிக்கவில்லை.

தமிழிலேயே எழுதப்போகிறேன். ஹிந்தியில் எழுதினால் பக்கத்து வீட்டு ரித்து படித்துவிடுவாள். ரஜாய்ப் போர்வைக்குள் டார்ச் இருப்பது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் தொலைந்தேன்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை. ரோஸ் கட்டக் காகிதச் சுருளைச் சாப்பாட்டு மேஜை முழுக்க விரித்தார். இ.சி.ஜி. ஊசி கிறுக்கிய கோடு. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கூர்.

"நம்ம பிள்ளை இன்னைக்கு என்னா அழகா துடிக்கா, பாத்தியா?" அம்மாவிடம்.

நான் கையில் தட்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

நம்ம பிள்ளை என்றால் செல்வி. தமிழர் குடிசைகள் இருக்கும் மதராசி கேம்ப். என் வயது. இதயம் ஒழுங்காக அடிக்காது, அடிக்கடி மயக்கம். டாக்டர் மேடம் பஞ்சாபி. செல்வியின் அம்மாவுக்கு ஹிந்தி அரைகுறை. காலேஜில் கணக்குச் சொல்லித்தரும் அப்பா, அவள் துடிப்பைக் கணக்குப் போடப் போனவர், இப்போது மொழிபெயர்க்கவும் செய்கிறார்.

"காகிதத்தை எடுத்தீங்கன்னா சோறு போடலாம்," என்றாள் அம்மா.

9 ஜனவரி, வியாழன்

வெயிலே இல்லை. துணி காயவில்லை. ஈர யூனிஃபார்ம்.

அப்பா செய்வது இது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேல் வைத்து அளப்பார். அதைக் குறுக்கே குறிப்பார். அதற்கடுத்த இடைவெளியை மேலே குறிப்பார். ஒரு புள்ளி. பிறகு அடுத்தது. நல்ல இதயமென்றால் எல்லாப் புள்ளியும் ஒரே இடத்தில் எறும்பு மாதிரி மொய்க்கும். செல்வியுடையவை வில் மாதிரி வளைந்து போகின்றன. அப்பாவிடம் ஒரு சமன்பாடு இருக்கிறது. அதைப் போட்டாலும் அதே வில்.

"கண்டபடி அடிக்க மாதிரி தெரியும். கண்டபடி இல்லட்டி. உள்ள ஒரு சட்டம் இருக்கு." வெளிநாட்டில் இப்போது பெரிய ஆட்களெல்லாம் இதைத்தான் செய்கிறார்களாம். சொட்டும் குழாய், வானிலை, இதயம், எல்லாம் ஒரே ஜாதி.

குழாய்க்கு நான்தான் புள்ளி வைத்தேன். தீபாவளிக்கு முன்னால், எங்கள் பாத்ரூம் குழாய். பிளம்பரைக் கூப்பிட அப்பா விடவே இல்லை, அம்மாவுக்கு ஒரே கோபம். வாளிக்குப் பக்கத்தில் நானும் அப்பாவும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்போம். "கோமு வச்ச புள்ளியைத் திருத்த வேண்டாம்," என்று அப்பா சொல்வார். இப்போது வார்டில் செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரே வைக்கிறார்.

சாயங்காலம் கட்டிலில் சரித்திரப் புத்தகத்தோடு படுத்திருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார். "கோமு, செல்வி இன்னைக்கு என்ன கேட்டா தெரியுமா?" நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார்.

என்ன கேட்டாள் என்று இப்போது தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. கேட்கமாட்டேன்.

10 ஜனவரி, வெள்ளி

டாக்டர் மேடம் வீட்டுக்கு வந்தார். அழகான சால்வை. அம்மா காப்பி கொடுத்தாள். இரண்டாவது டம்ளர் வேண்டாமென்று கையால் மூடிக்கொண்டு, "பஸ் ஜி, போதும், உங்கள் காப்பி நல்ல இதயத்தையும் துள்ள வைத்துவிடும்," என்றார் ஹிந்தியில். தூக்கம் கெட்டால் இன்னும் துள்ளுமாம். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஃபில்டரின் கீழ்ப்பாதியில் மிச்சமிருந்த டிகாஷன். பால் இல்லை, சர்க்கரை இல்லை. கஷாயம் தோற்றது. குடித்துவிட்டு அளவு குறைந்தது தெரியாமலிருக்க வெந்நீர் ஊற்றி வைத்தேன்.

12 ஞாயிறு

மூன்றாம் நாளாக டிகாஷன். தூக்கமில்லை.

வந்துவிட்டது. நேற்றே லேசாக. இன்று நன்றாகத் தெரிகிறது. அடித்துக்கொண்டே வந்து ஒன்று காணாமல் போகிறது. மாடிப்படி இறங்கும்போது இருட்டில் ஒரு படி இல்லாத மாதிரி. பிறகு ஒரே உதை.

முதலில் சந்தோஷம். என்னுடையதும் வில்லாக வளையும், அப்பா மேஜையில் என் காகிதத்தை விரிப்பார் என்று.

பிறகு குளிக்கும்போது மறுபடி வந்தது. கதவைத் தாழ் போட்டிருந்தேன். விழுந்தால் யாருக்குத் தெரியும்? தாழைத் திறந்து வைத்துக் குளித்தேன்.

இனிமேல் குடிக்கமாட்டேன்.

13 திங்கள்

இன்றும் குடித்தேன். ஏனென்றால்:

அப்பா கேட்டார், "கோமு, புதன்கிழமை ஸ்கூலுக்கு லீவு போடுதியா?" செல்விக்கு மாத்திரையை மாற்ற வேண்டுமாம். பெரிய டாக்டர் சம்மதிக்கவில்லை. இதெல்லாம் கணக்கு வாத்தியார் வேலை என்கிறாராம். அதே வயதில் ஒரு நல்ல இதயத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசத்தைக் காட்ட முடியும். "ஒரு சாதாரண இதயம் வேணும். ஒன்னை விட்டா யாரு இருக்கா?"

சாதாரணம். நான்.

14 செவ்வாய். பொங்கல்

குக்கரில் பொங்கல். அம்மா ஆஃபீஸுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன். கரும்பு கரோல் பாக் கடையிலிருந்து, ஒரே கணு, வாடல்.

முந்திரி அதிகமாக இருந்த பக்கம் டிபன் கேரியருக்குப் போனது. செல்விக்கு. "பாவம், ஆஸ்பத்திரில கெடக்கா," என்றாள் அம்மா. அம்மாவுமா?

நாளை பயமாக இருக்கிறது. சொல்லிவிடலாமா? சொன்னால் அடி விழாது, அதைவிட மோசமாக அப்பா ஒன்றும் சொல்லமாட்டார்.

15 புதன்

எல்லாவற்றையும் எழுதவேண்டும். கை ஓடவில்லை.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் செல்வி. என்னைவிடக் குள்ளம். எண்ணெய் வைத்து வாரிய பின்னல், பச்சை ரிப்பன். அப்பா மேடத்தைக் கூப்பிடப் போயிருந்தார்.

"நீதான் கோமுவா? இன்னா இவ்ளோ ஒல்லியா இருக்க? ஒங்க வூட்டுல சோறு போடமாட்டாங்களா?"

ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொங்கல்ல இனிப்பு கம்மி. ஒங்கம்மாகிட்ட சொல்லு." பிறகு, "கையக் காட்டு. நல்ல இதயம்னா எப்டி இருக்கும்னு பாக்கறேன். டாக்டரம்மா எனக்கு நாடி புடிக்கச் சொல்லிக் குடுத்திருக்கு."

இழுத்துக்கொள்வதற்குள் பிடித்துவிட்டாள். விரல் சில்லென்று இருந்தது. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"ஏய். ஒனக்கும் தவறுது."

"சொல்லாதே," என்றேன்.

"நானும் மறைச்சேன். எங்கம்மா பாத்திரம் தேய்க்கற வூட்டுல என்னையும் வேலைக்கு வெச்சிருந்தாங்க. சீக்குன்னு தெரிஞ்சா நிறுத்திருவாங்கன்னு. ஒனக்கு இன்னா கேடு? நீ எதுக்கு மறைக்கற?"

அதற்குள், எல்லாரும் பையா, அதாவது அண்ணா, என்று கூப்பிடும் டெக்னீஷியன் இ.சி.ஜி. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கை கால்களில் ஜெல்லி, கிளிப். ஊசி ஓட ஆரம்பித்தது. எனக்கு மேலே விசிறி மட்டும் தெரிந்தது. பையா, "அரே," என்றார் மெதுவாக.

அப்பா சுருளை வாங்கினார். ஸ்கேல் கையில்தான் இருந்தது. செல்வியின் காகிதமென்றால் வாங்கின கையோடு ஸ்கேலை வைத்துவிடுவார். இதில் வைக்கவில்லை. ஒரு தடவை பார்த்தார். சுருட்டிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் காலில் கிளிப்பைக் கழற்றினார், அது பையாவின் வேலை. ஜெல்லியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

அழகு என்று சொல்லவில்லை.

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். இதைத்தானே கேட்டேன்? அழுகைதான் வந்தது. குளிர் காற்று என்று சொன்னேன்.

16 வியாழன்

பள்ளி இல்லை. அப்பாவும் காலேஜ் போகவில்லை. ஹார்லிக்ஸ். ஆப்பிள். நான் பாத்ரூம் போனால் வெளியே நிற்கிறார். அவர் முகம் ஒரே நாளில் வற்றிப்போயிருக்கிறது. சொல்லத்தான் நினைத்தேன். ஹார்லிக்ஸை ஆற்றி ஆற்றிக் கொடுத்தார், சொல்ல வாய் வரவில்லை.

அம்மா ஆஃபீஸிலிருந்து வந்து காப்பி போட்டாள். ஒரு வாய் குடித்தாள். சமையலறைக்குப் போய் ஃபில்டரைத் திறந்து பார்த்தாள்.

"ஏட்டி கோமு. ஒரு வாரமா இந்தக் காப்பி கழுநீர் மாதிரி இருக்கு. பொடிக் கடைக்காரனை ஏசிட்டு வந்தேன். டிகாஷன் எங்கே போச்சு?"

நான் தரையைப் பார்த்தேன். அம்மாவுக்கு அது போதும்.

"இவ இதயத்துல ஒண்ணுமில்ல. வயித்துலதான் இருக்கு. டிகாஷன்."

அப்பா எழுந்து நின்றார். "எதுக்குட்டி?" என்றார். ரொம்ப மெதுவாக. பாத்ரூம் குழாய் சொட்டுவது கேட்டது. அப்பா பால்கனிக்குப் போய், அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை நின்றார்.

டாக்டர் மேடம் போனில்: ஒரு வாரம் காப்பி, டீ கூடாது. நன்றாகத் தூங்க வேண்டும். பிறகு திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம்.

அதுவரை செல்வியின் மாத்திரையும் மாறாது.

21 செவ்வாய்

இரண்டு நாளாகத் தவறவில்லை. விரல் வைத்து விரல் வைத்து மணிக்கட்டில் தடம்.

அடுப்படியில் அப்பா அம்மாவிடம்: "நேத்து அந்தப் பிள்ளை மறுபடி மயங்கி விழுந்துட்டா." 'நம்ம' இல்லை. நான் இருப்பதைப் பார்த்ததும் அம்மா, "ரேஷன்ல சர்க்கரை வந்திருக்காம்," என்றாள்.

சாப்பிடவில்லை. மோர் மட்டும்.

23 வியாழன்

கொஞ்சம் வெயில். அதே வார்டு, அதே பையா, ஜில்லென்ற ஜெல்லி.

ஊசி ஓடியது. கூர், கூர், கூர். வேலிக் கம்பி மாதிரி. அப்பா காகிதத்தை ஜன்னலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பார்த்தார். முதலிலிருந்து கடைசிவரை, திரும்பக் கடைசியிலிருந்து முதல்வரை.

"ஒண்ணுமே இல்ல," என்றார். "பாக்கதுக்கு ஒண்ணுமே இல்லட்டி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பெரிய டாக்டரிடம் காட்ட என் காகிதத்தையும் செல்வியின் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு மேடமும் அவரும் போனார்கள். நாளை முதல் புது மாத்திரை கொடுக்கலாம் என்கிறார்கள். அப்பா வாசல்வரை போய்த் திரும்பி வந்து என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

செல்வியின் நெற்றியில் பிளாஸ்திரி, விழுந்த இடம். நானே கையை நீட்டினேன். பிடித்துப் பார்த்தாள். இந்தத் தடவை ரொம்ப நேரம்.

"ஒழுங்கா அடிக்குது. காப்பியாமே. டாக்டரம்மா சொல்லிச்சு," என்றாள்.

அம்மா கொடுத்தனுப்பிய அல்வாவை எடுத்தேன். இனிப்பு அதிகம், முந்திரியும் என்று சொன்னேன்.

"அங்க வையி," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் நின்றேன்.