பப்படத்தின் மூன்று ஊசிகள்

ஸ்காபரோ,
20.10.1996

அன்பின் கௌசிக்கு,

நான் சுகம். என்னோடு ஒரு நாய்க்குட்டியும் சுகம். சிரிக்காமல் மிச்சத்தைப் படியும்.

பேக்கரியில் கேக் பெட்டி அடைக்கும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவர் றோஸ்மேரி. அவருடைய நாய் குட்டி போட்டது. எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்து ஒன்று மட்டும் மிஞ்சிவிட்டது. "சும்மா வந்து பாரேன்" என்றார். பார்க்கத்தான் போனேன். அது என் ஜாக்கெற் கைக்குள் தலையை விட்டு நித்திரையாகிவிட்டது. நித்திரையாய்க் கிடக்கிற ஒன்றை எழுப்பித் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

நான் இருப்பது மகேஸ்வரன் அண்ணை வீட்டு நிலக்கீழ் அறை என்பது உமக்குத் தெரியும். அவர் குட்டியைக் கண்டதும் வாசலில் நின்றே சட்டம் சொல்லிவிட்டார். "கிருபன், உது கீழ மட்டும்தான். மேல சாமியறை இருக்கு. ஒரு படி ஏறினாலும் ரெண்டு பேரும் வெளியில, சொல்லிப்போட்டன்." அவர் மனைவி மங்கையற்கரசி அக்காவுக்குக் குட்டியில் இரக்கம். பின்னேரம் ஒரு கோப்பை பசுப்பால் கொண்டுவந்து வைத்தார். குட்டி நக்கி முடித்தது. அதன்பிறகு நான் நிலம் துடைத்த கதையை எழுதினால் நீர் சாப்பிடமாட்டீர்.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். டொக்டர் வேரோனிக்கா என்று ஒரு பெண். பால் கூடாது என்றார். பூச்சிமருந்து கொடுத்தார். முதல் ஊசி போட்டார். பிறகு காதில் வைத்துக் கேட்கிற குழாயைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். கௌசி, என் உள்ளங்கைக்குள் அடங்குகிற நெஞ்சு. அதற்குள் அப்படி ஓர் ஓட்டம். எவ்வளவோ தூரம் போகவேண்டியது போல ஓடிக்கொண்டிருந்தது. குழாயைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்துபோனேன்.

இன்னும் இரண்டு ஊசி இருக்கிறது. அதுவரை தெரு, பூங்கா எங்கும் நிலத்தில் விடக்கூடாதாம். மற்ற நாய்கள் நடந்த மண்ணில் கொடிய தொற்று வருத்தம் ஒன்று கிடக்குமாம். ஆகவே எங்கே போனாலும் ஜாக்கெற்றுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டுதான் போகிறேன்.

பெயர் வைக்கவில்லை. நிலாணியைக் கேட்டு எழுதும்.

உம்மையும் பிள்ளையையும் காணக் காத்திருக்கும்,
கிருபன்

*

வெள்ளவத்தை,
3.11.1996

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் பக்கத்து அறைக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போனபிறகு நான் அழுதேன்.

நாங்கள் இங்கே ஒற்றை அறையில், சோதனைக்கு வந்தால் காட்டவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறோம். நீங்கள் அங்கே நாய்க்கு நெஞ்சு கேட்கிறீர்கள். உங்கள் மகளுக்கு முதல் ஊசி போட்ட அன்று அவளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது நான் மட்டும்தான். அவள் வீரிட்டு அழுதது எப்படியென்று நீங்கள் ஒருநாளும் கேட்டு எழுதவில்லை. நாய் அழுததா? அதையும் எழுதியிருக்கலாமே.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். ஓம், கோபம்தான். ஆனால் இதைக் கோபத்தில் எழுதவில்லை: தை மாதம் தூதரகத்தில் நேர்முகம். சின்னண்ணா சென்னையில் வீடு பார்த்துத் தருகிறேன், வா என்கிறார். கனடாவுக்கு வருவதா என்று எனக்கு இன்னும் முடிவில்லை. நீங்கள் போகும்போது எனக்கு வயிற்றில் மூன்று மாதம். அப்போது உங்களை எனக்குத் தெரியும். இப்போது தெரியாது. பிள்ளைக்கு நீங்கள் சுவரில் ஒரு படம். படத்தில் இருக்கிறவரை நம்பி அவளைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வரப் பயமாக இருக்கிறது.

பெயர் கேட்டீர்கள். நிலாணி யோசிக்கவே இல்லை. "பப்படம்" என்றாள். உலகத்தில் அவளுக்கு அதைவிடப் பிடித்த பொருள் இல்லை. நான் மாற்றச் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. அந்தப் பிடிவாதம் எங்கள் பக்கத்தில் இல்லாதது.

குளிருக்குக் கவனமாக இருங்கள்.
கௌசி

*

ஸ்காபரோ,
17.11.1996

அன்பின் கௌசிக்கு,

உமது கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். நீர் எழுதியது எல்லாம் சரி.

நாய் அழவில்லை. நிலாணி எப்படி அழுதாள்? எழுதும். முதல் பல் எப்போது வந்தது, மேலா கீழா? நித்திரையில் சிரிப்பாளா? இது நித்திரையில் ஓடுகிறது. நாலு காலும் போகிறது. சின்னக் குரலில் குலைக்கவும் செய்கிறது. பிறந்து மூன்று மாதம் ஆகவில்லை, வீட்டையும் என்னையும் தவிர ஒன்றும் காணவில்லை. கனவில் எதைத் துரத்துகிறதோ! நான் வேலையால் வந்து சப்பாத்தும் கழற்றாமல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

பெயரும் விளங்கிவிட்டது. நேற்று முன்தினம் மெதுவாகத்தான் சொன்னேன், "பப்படம்" என்று. தட்டிலிருந்து தலையை எடுத்துத் திரும்பிப் பார்த்தது. டொக்டர் வேரோனிக்காவின் வாயில் அந்தப் பெயர் படுகிற பாட்டை நிலாணி கேட்கவேண்டும்.

நேற்றுச் சூரன்போர். றிச்மண்ட் ஹில் கோயிலால் நேரே எல்லோரும் மகேஸ்வரன் அண்ணை வீட்டுக்குப் பாறணைக்கு, விரதம் முடித்துச் சாப்பிட, வந்துவிட்டார்கள். முன்வாசல் ஈரமென்று சப்பாத்தெல்லாவற்றையும் பக்கக் கதவடியில், என் படிக்கட்டில் கழற்றிவிட்டார்கள். ஒரு குன்று. இறங்கி வந்து பார்த்தால் பப்படம் அதன் உச்சியில் ஒரு சப்பாத்துக்குள் மூக்கை விட்டு நித்திரை. ஒரு நாடா வாயில். சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தேன். இன்று கழுவி எடுத்த கையோடு வைத்து அனுப்புகிறேன், நிலாணிக்கு.

இரண்டாவது ஊசி வருகிற கிழமை. ஒரு நாளும் தெருவில் விடவில்லை. அதில் நான் சுத்தம்.

முடிவு உம்முடையது. நான் கேட்டு நெருக்கமாட்டேன்.

அன்போடு,
கிருபன்

*

ஸ்காபரோ,
25.11.1996

கௌசி,

பப்படத்துக்குக் கடும் வருத்தம். வெள்ளிக்கிழமை சாப்பிடவில்லை. சனிக்கிழமை சத்தியெடுத்தது. பிறகு இரத்தமாகப் போனது. டொக்டர் முன்னமே சொன்ன அதே வருத்தம்தான், இரண்டாவது ஊசி போடமுன்பே.

"எங்கே கொண்டுபோனாய்?" என்று டொக்டர் கேட்டார். ஒரு இடமும் இல்லை என்றேன். நம்பாமல் திரும்பவும் கேட்டார். ஜாக்கெற்றைத் திறந்து காட்டி, இதற்குள்தான் திரிந்தது என்றேன். "வீட்டுக்கு ஆட்கள் வந்தார்களா?" வந்தார்கள், வீடு நிறைய. "சப்பாத்தை எங்கே கழற்றினார்கள்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு அடி மண்ணிலும் கால் பட விடாமல் தூக்கித் திரிந்தேன். மண் தானே நடந்து என் படிக்கட்டுக்கு வந்திருக்கிறது. நான் அதைப் பார்த்துச் சிரித்துப் படமும் எடுத்திருக்கிறேன்.

இந்த வருத்தத்தைக் கொல்ல மருந்து இல்லையாம். உடம்புதான் சண்டை பிடிக்கவேண்டுமாம். நாங்கள் செய்யக்கூடியது நீர் வற்றாமல் பார்ப்பது மட்டும். தோலுக்குக் கீழே ஊசியால் நீர் ஏற்றுகிறார்கள். முதுகில் ஒரு திமில் எழும்பி மெல்ல மெல்ல இறங்குகிறது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். அதன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறேன். கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைக்குச் சொல்லவேண்டாம்.

கிருபன்

*

வெள்ளவத்தை,
6.12.1996

அன்புள்ள அத்தானுக்கு,

இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் கிடைத்தன. நிலாணிக்கு முதலாவதை மட்டும் வாசித்தேன். படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கிறாள். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் "இது எங்கட பப்படம், சப்பாத்துக்குமேல நித்திரை" என்று காட்டுகிறாள். நான் சிரிக்கவேண்டியிருக்கிறது.

கேட்டீர்கள், எழுதுகிறேன். கீழ்ப் பல்தான் முதலில் வந்தது. நித்திரையில் சிரிப்பாள். ஊசிக்கு ஒரே ஒரு தரம் வீரிட்டாள், பிறகு நேர்ஸின் மூக்குத்தியைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

இன்னொன்றையும் எழுதவேண்டும். இரண்டு வயதில் அவளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. மருந்து கிடைக்காத காலம். கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் பருக்கிக்கொண்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். உங்களுக்கு அப்போது "பிள்ளை சுகம்" என்றுதான் எழுதினேன். தூரத்தில் இருக்கிறவருக்கு அந்தக் கை விளங்காது என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தில் அதே கையைக் கண்டேன் அத்தான். ஒரு நாய்க்குட்டிதான், என்றாலும் அதே கை.

நேற்றுக் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைக்கு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். "பப்படம்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். நட்சத்திரத்துக்கு எங்கே போவது? நிலாணியுடையதைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, மணியை அடித்து அந்தப் பெயரைச் சொல்லி மந்திரம் சொன்னார். நாய்க்கு அர்ச்சனை வைக்க வந்த பைத்தியம் நான், கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள். கெட்டதென்றால் ஒளிக்கவேண்டாம்.

உங்கள்
கௌசி

*

ஸ்காபரோ,
8.12.1996

அன்பின் கௌசிக்கு,

பிழைத்துவிட்டது!

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. போன கிழமை டொக்டர் கையை விரித்துவிட்டார். கீழே குளிர் என்று கம்பளியால் சுற்றிக்கொண்டிருந்தேன். மகேஸ்வரன் அண்ணை படியால் இறங்கி வந்தார். குனிந்து அதன் காதைத் தொட்டுப் பார்த்தார். "ஏன் உந்தக் குளிருக்குள்ள வைச்சிருக்கிறாய்? மேல கொண்டு வா" என்றார். நான் சாமியறை என்று இழுத்தேன். "சாமி ஒண்டும் சொல்லாது, நீ வா" என்றார்.

சாமியறை வாசலில்தான் ஹீற்றர் நல்லாய் அடிக்கிறது. அங்கே பாய் போட்டுக் கிடத்தினோம். அக்கா கஞ்சி வடித்து ஆறவைத்து விரலில் தொட்டு உதட்டில் தடவினார். வேண்டாம். மறுநாளும் வேண்டாம். அதற்கடுத்த நாள் காலமை அக்கா விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார், ஒரு சின்ன நாக்கு வந்து என் விரலை நக்கியது. பிறகு கரண்டியை நக்கியது. பிறகு தன் முன்காலை ஊன்றிப் பார்த்தது. விழுந்தது. திரும்பவும் ஊன்றியது. கால்கள் நடுங்க நடுங்க எழும்பி நின்று, வாலை ஒரு பக்கம் ஒரே ஒரு தரம் ஆட்டியது.

ஒரு சாண் உடம்பு, கௌசி. இந்தச் சண்டையை அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் ஒன்றும் செய்யவில்லை, பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். அது தானாகவே வந்த வழியால் திரும்பி வந்தது. அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி இதைக் கீழ கொண்டுபோகாத" என்று ஏசினார்.

இன்று காலமை பார்த்தால் ஒரு காது நிமிர்ந்து நிற்கிறது. மற்றது இன்னும் மடிந்துதான் கிடக்கிறது.

இரண்டு மாதத்துக்குள் ஓர் உயிர் இப்படி மாறுமென்றால், இந்த ஐந்து வருடத்தில் நிலாணி எவ்வளவு மாறியிருப்பாள். நெருக்கமாட்டேன் என்று எழுதினேன். அதை அழித்துவிடும். எனக்கு மிச்சத்தைப் பார்க்கவேண்டும். வாருங்கள்.

உமது
கிருபன்

*

வெள்ளவத்தை,
2.3.1997

அன்புள்ள அத்தானுக்கு,

விசா குத்திய பாஸ்போட் நேற்றுக் கைக்கு வந்தது. சின்னண்ணாவுக்கு எழுதிவிட்டேன், சென்னையில் வீடு பார்க்கவேண்டாம் என்று. பங்குனி கடைசியில் வருகிறோம். விமானத்தின் விபரம் உறுதியானதும் தொலைபேசியில் சொல்கிறேன்.

பப்படத்தின் பல் விழுந்ததென்று நீங்கள் போன கடிதத்தில் எழுதியதை நிலாணிக்கு வாசித்தேன். நீங்கள் அதைக் கூரையில் எறிந்ததும், அது பனிக்குள் புதைந்ததும் அவளுக்குப் பெரிய சந்தோசம். போன கிழமை அவளுக்கும் முன்பல் ஆடத் தொடங்கியிருக்கிறது. தொடவிடுகிறாள் இல்லை. "அப்பா பாக்கோணும், அதுவரைக்கும் விழாது" என்கிறாள். கெதியாகக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், பல் காத்திருக்குமோ தெரியாது.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், முழுக்கப் போகவில்லை. ஆனால் யாரிடம் வருகிறேன் என்று இப்போது தெரியும்.

இன்னொரு சங்கதி. குளிருக்கென்று அவளுக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கினேன். போட்டுப் பார்க்கச் சொன்னால் கட்டிலில் ஏறி நின்று போடுகிறாள். ஏனென்று கேட்டேன். சப்பாத்தில் மண் வந்துதான் பப்படத்துக்கு வருத்தம் வந்ததாம், இதில் மண் படக்கூடாதாம். உங்கள் கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். பக்கத்து அறை அன்ரியைக் கொண்டு வாசிப்பித்திருக்கிறாள்!

மூன்று ஊசியும் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஏற்கவில்லை. கார் நிற்கிற இடத்திலிருந்து வாசல் வரை அப்பா தன்னைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், கால் நிலத்தில் படக்கூடாது என்று நிற்கிறாள். அவள் இப்போது நல்ல பாரம். நான் தூக்கினாலே இடுப்பு நாரி பிடிக்கிறது.

நீங்கள் அவளை ஒருநாளும் தூக்கியதில்லை. ஆனால் ஜாக்கெற்றுக்குள் வைத்துத் தூக்கிப் பழகியிருக்கிறீர்கள்தானே. பெரிய ஜாக்கெற்றாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
கௌசி